யூனிக்ஸ்: பெயரும் உடலும்

ஒரு பொருள் எதனால் அப்பொருளாகின்றது? பெயராலா, உடலாலா, இயல்பாலா? தருக்க நூலாரின் இவ்வினா கணிப்பொறி உலகில் நீதிமன்றம் வரை சென்றது. அதற்கு இலக்கானது யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை.

மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1969ஆம் ஆண்டில் விலகியது. அதில் உழைத்த கென் தாம்சன், அவ்வாண்டிலேயே பிடிபி-7 என்னும் சிறு கணிப்பொறியில் எளியதொரு முறைமையை அமைத்தார்; டென்னிஸ் ரிச்சி துணைநின்றார். பன்மை சுட்டும் ‘மல்டி’க்கு எதிராக ஒருமை சுட்டும் ‘யூனி’யை வைத்துக் கேலியாக இட்ட பெயரே நிலைத்தது. 1973இல் அம்முறைமை சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. பழைய உடல் அன்றே போயிற்று எனலாம். எனினும் அதனை வேறொன்றென எவரும் கருதவில்லை. பொறிவிட்டுப் பொறி பெயரும் ஆற்றலும் அதற்கு அதன்பின்னரே வாய்த்தது.

ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏடி அண்டு டி நிறுவனம், தொலைபேசித் தொழிலன்றிப் பிற வணிகத்தில் இறங்கலாகாது என்னும் உடன்பாட்டிற்கு 1956 முதல் கட்டுப்பட்டிருந்தது. ஆகவே யூனிக்ஸின் மூலநிரல் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் அதனைத் திருத்தியும் பெருக்கியும் வந்தனர். 1984இல் நிறுவனம் பிரிக்கப்பட்டது; கட்டும் நீங்கியது; வணிகம் தொடங்கிற்று. 1992இல் பெர்க்கிலி வழியினர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1994இல் இணக்கம் ஏற்பட்டபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளுள் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே! எஞ்சியவற்றுள் எழுபதளவில் உரிமைக் குறிப்புச் சேர்த்தால் போதுமென முடிந்தது. இத்தனைக்கும் யூனிக்ஸ் என்னும் பெயர் அவ்வழியினருக்குக் கிட்டவில்லை.

பெயரோ தனிவழி சென்றது. 1993இல் நோவெல் நிறுவனம் யூனிக்ஸை விலைக்கு வாங்கி, பெயருரிமையை எக்ஸ்-ஓப்பன் என்னும் தர அமைப்பிடம் ஒப்படைத்தது. அதன்பின் யூனிக்ஸ் என்பது ஓர் இலக்கணமாயிற்று. அவ்விலக்கணத்திற்கு அமைந்து சோதனையில் தேறிய எதுவும் அப்பெயரைப் பெறலாம். யூனிக்ஸின் வழிவராத ஐபிஎம் பெருங்கணிப்பொறி முறைமை அவ்வாறு பெற்றது. ஆப்பிள் நிறுவனத்தின் முறைமை 2007இல் பெற்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக எழுதத் தொடங்கிய லினக்ஸோ, நடையால் யூனிக்ஸையே ஒத்தும், அதன் பதிப்புகளுள் பெரும்பாலானவை அச்சான்றை நாடவேயில்லை. குலமுடையோர்க்குப் பெயரில்லை, பெயருடையோர் பலர்க்குக் குலமில்லை.

இத்துணை மாற்றத்திலும் ஒரு பிழை மட்டும் மாறவில்லை. கோப்பினைப் படைக்கும் பழைய அழைப்பின் பெயரில், ‘படை’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் இறுதி எழுத்து விடுபட்டிருக்கும். மொழியாசிரியர் கண்ணில் பட்டிருந்தால் சிவப்பு மைக்குத் தப்பியிராது. அதனைத் திருத்தாதது குறித்துத் தாம்சனே பின்னாளில் வருந்தினார். லினக்ஸிலும் ஆப்பிளிலும் அவ்வழைப்பு இன்றும் அவ்வெழுத்தின்றியே இருக்கின்றது.