சேவலுக்குக் கிரேக்கச் சொல் எது?

சேவல், பெட்டை, மனைவளர் பறவை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கிரேக்கத்தில் பெயர்க்க முனைவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, 'எக்காலத்துக் கிரேக்கம்?' என்பதே.

பழங்கிரேக்கத்தில் 'அலெக்ட்ரியோன்' இருபாலுக்கும் பொதுப்பெயராய் வழங்கிற்று. கி.மு. 423-இல் அரங்கேறிய 'மேகங்கள்' நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் இதனை நகையாடினார். ஆணை 'அலெக்டோர்' என்றும், பெண்ணை 'அலெக்ட்ரியைனா' என்றும் அழைக்குமாறு அதில் வரும் சாக்ரட்டீஸ் முதியவர் ஒருவருக்குப் பாடம் நடத்துகிறார். பறவையைப் பொதுவாகச் சுட்டிய 'ஓர்னிஸ்', ஏதென்சு வழக்கிலேயே கோழியையும் குறிக்கலாயிற்று.

'பெடெய்னோஸ்' என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. 'பறப்பது' என்பதே அதன் பொருள். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் வானத்துப் பறவைகளைச் சுட்டுவது அதன் பன்மை வடிவமே. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் அவ்விடத்தில் 'ஃபவுல்' என்ற சொல்லை இட்டது. அன்று அச்சொல் எப்பறவைக்கும் பொருந்தும். பின்னர்க் கிரேக்கச் சொல் சேவலாகவும், ஆங்கிலச் சொல் பெரும்பாலும் பண்ணைக் கோழியாகவும் ஒடுங்கின. இன்றைய அகராதியை மட்டும் நம்புவோர் கையில் வானத்துப் பறவை முற்றத்துக் கோழியாகிவிடும்.

இந்நிலை நமக்கும் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், மயில் நீங்கலாகச் சிறகுடைய ஆண்பறவைகளுக்குச் 'சேவல்' என்னும் பெயரை உரியதாக்கிற்று. சங்கப் பாடல்களில் குருவிக்கும் புறாவுக்கும் சேவல் உண்டு. இன்று அப்பெயர் கோழியினத்தோடு நின்றுவிட்டது. அப்பாடல்களைப் பிறமொழிக்குக் கொண்டுசெல்லும் நம் கவிஞர்கள், குருவியின் துணையைக் கொண்டைச் சேவலாக்கிவிடாதிருத்தல் வேண்டும்.