மேஜரின் விதவையும் சார்ஜன்டின் விதவையும்

கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மவுண்ட் றோயல் மயானத்தில், 1915 ஜனவரி 19ஆம் திகதி காலமான ஒரு மூதாட்டியின் கல்லறை இருக்கிறது. மேஜர் தோமஸ் லோர்ன் லியோனோவென்ஸ் என்பவரின் அன்பு மனைவி என்று அந்தக் கல் அவரை அறிமுகம் செய்கிறது. அந்தக் கணவர் மேஜராக ஒருபோதும் இருந்ததில்லை. அவர் ஓர் எழுதுவினைஞர்; பின்னர் ஹோட்டல் நடத்தியவர்.

அந்த மூதாட்டிதான் அன்னா லியோனோவென்ஸ். 1862ஆம் ஆண்டு முதல் 1867ஆம் ஆண்டு வரை சீயத்து மன்னர் மொங்குட்டின் அரண்மனையில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். அவர் 1870இல் எழுதி வெளியிட்ட நூலைத் தழுவி மார்கரெட் லாண்டன் 1944இல் ஒரு புதினம் எழுதினார். அது 1951இல் இசை நாடகமாகவும் 1956இல் யூல் பிரின்னர் நடித்த 'த கிங் அன்ட் ஐ' என்ற திரைப்படமாகவும் ஆயிற்று. என் தலைமுறையினர் பலருக்கு மொங்குட் மன்னர் அந்தப் படத்தின் மொட்டைத்தலை நாயகனாகவே அறிமுகமானார். தாய்லாந்தில் அந்தப் படத்துக்குத் தடை விதிக்கப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. 27 ஆண்டுகள் பிக்குவாக வாழ்ந்து, இலத்தீனும் ஆங்கிலமும் வானியலும் கற்று, 1868ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தை முன்கூட்டியே கணித்தவர் மொங்குட். 1753இல் சீயத்திலிருந்து வந்த உபாலி தேரரால் கண்டியில் உபசம்பதா மீண்டும் நிலைநாட்டப்பட்ட வரலாற்றை அறிந்த இலங்கையர்களுக்கு, அந்நாட்டவரை நாகரிகம் கற்பிக்கப்பட வேண்டியவர்களாகச் சித்திரிப்பது எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் நான் எழுத வந்தது மன்னரைப் பற்றியன்று.

அன்னா தம்மைப் பற்றிச் சொன்ன கதை இது: 1834இல் வேல்ஸின் கார்னர்வன் நகரில் பிறந்தவர், தந்தை இராணுவக் கப்டன், கணவர் மேஜர், அவர் புலிவேட்டைக்குச் சென்ற இடத்தில் வெயிலின் தாக்கத்தால் இறந்துபோனார். நீண்ட காலமாக இக்கதை பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்பட்டது. 1970களில் அதன் முடிச்சை அவிழ்த்தவர் தொழில்முறை வரலாற்றாசிரியரல்லர் என்பது சுவையான செய்தி. டபிள்யூ. எஸ். பிரிஸ்டோவ் சிலந்திகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அன்னாவின் மகன் லூயிஸின் வாழ்க்கையை எழுத முற்பட்ட அவர், பிறப்புப் பத்திரத்தை லண்டனில் தேடினார். கிடைக்கவில்லை. அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்று 1976இல் தமது நூலை வெளியிட்டார். சூசன் மோர்கன் 2008இலும் அல்பிரட் ஹபெகர் 2014இலும் அவ்விழையை மேலும் நீட்டினர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் பம்பாய், சென்னை, வங்காள மாகாணங்களின் தேவாலயங்களில் பதிவான ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. நம் நாட்டில் ஒல்லாந்தர் காலத் தோம்புகளைப் புரட்டியவர்களுக்கு இத்தகைய ஏடுகளின் இயல்பு தெரியும். பெயர், திகதி, தொழில் என்பனவற்றுக்கு மேல் அவை எதுவும் பேசா. ஆனால் பேசும் அந்தச் சிறிதளவில், சம்பந்தப்பட்டவர் பிற்காலத்தில் சொல்ல விரும்பிய கதைக்கு அவை கட்டுப்படுவதில்லை.

அந்த ஏடுகளின்படி, 1829 மார்ச் 15ஆம் திகதி தாணாவிலுள்ள தேவாலயத்தில் மேரி ஆன் கிளாஸ்கொட் என்ற பெண்ணுக்கும், கம்பெனிப் படையின் சுரங்க, பொறியியல் பிரிவைச் சேர்ந்த சார்ஜன்ட் தோமஸ் எட்வேர்ட்ஸுக்கும் திருமணம் நடந்தது. அவள் 1815இலோ 1816இலோ பிறந்தவள். மணக்கோலத்தில் நின்றபோது அவளுக்குப் பதினான்கு வயதுக்கு மேல் இராது. முதல் மகள் இலைசா பிறந்தாள். இரண்டாவது மகள் வயிற்றில் இருக்கையில் கணவன் இறந்தான். அதற்கு மூன்று மாதங்களின் பின், 1831 நவம்பரில், அஹமட்நகரில் பிறந்த குழந்தையே அன்னா. கார்னர்வனும் இல்லை, கப்டனும் இல்லை.

உண்மையான படைவீரனின் விதவை மேரி ஆன்தான். பதினாறு வயது, கையில் இரண்டு பெண் குழந்தைகள், தங்கியிருப்பதோ இராணுவக் குடியிருப்பு. சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு அங்கே இடமும் உணவும் கணவனின் பெயரால் கிடைப்பவை; அவன் போனால் அவையும் போய்விடும். எனவே பட்டாளத்து விதவைகள் ஓரிரு மாதங்களுக்குள் மறுமணம் செய்வது அங்கு வழக்கமாகவே இருந்தது. மேரி ஆனும் அன்னா பிறந்த சிறிது காலத்திலேயே பற்றிக் டொனஹோ என்ற ஐரிஷ் கோப்ரலை மணந்தாள். அதை அவசரம் என்று எவரேனும் சொன்னால், அவர் பசியை அறியாதவர் என்பேன்.

அன்னா 1849 நத்தார் தினத்தன்று பூனாவில் மணந்தவரின் பெயர் தோமஸ் லியோன் ஓவென்ஸ். நடுப்பெயரும் குடும்பப்பெயரும் ஒட்டிக்கொண்டு 'லியோனோவென்ஸ்' ஆயின. முதல் இரு குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்தன. 1853இல் மேற்கு அவுஸ்திரேலியா சென்றனர்; அங்கு அவிஸும் லூயிஸும் பிறந்தனர். 1857இல் பினாங்கு. அங்கே ஹோட்டல் நடத்திய தோமஸ் 1859 மே 7ஆம் திகதி மூளை இரத்தக்கசிவினால் இறந்தார். புலி எதுவும் அந்தப் பக்கம் வரவில்லை.

தாயைப் போலவே மகளும் இரண்டு குழந்தைகளுடன் விதவையானார். ஆனால் தாய் போன வழியில் அவர் போகவில்லை. சிங்கப்பூருக்குச் சென்று பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். எழுதுவினைஞரின் விதவையிடம், அதிலும் இந்தியாவில் பிறந்து கலப்பினத்தவர் என்று சந்தேகிக்கப்படக்கூடிய ஒருத்தியிடம், ஆங்கில அதிகாரிகள் தம் பிள்ளைகளை அனுப்பியிருப்பார்களா? மேஜரின் விதவையிடம் அனுப்பினார்கள். அவருடைய பொய்யை நான் இந்த இடத்தில் வைத்தே பார்க்கிறேன். மொங்குட்டைப் பற்றி அவர் எழுதிய பொய்களுக்கு இந்தச் சலுகையை என்னால் வழங்க முடியாது. அவை இன்னொருவரின் பெயரைக் கெடுத்தவை.

இதற்கு அவர் கொடுத்த விலை தம் உறவுகள். அக்காள் இலைசாவின் குடும்பத்துடன் தொடர்பை முற்றாக அறுத்துக்கொண்டார். அந்த அக்காளின் பேரன் ஒருவனும் பிற்காலத்தில் வேறு பெயரில் உலகை வலம்வந்தான். 1931இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் அரக்கனாக நடித்த போரிஸ் கார்லோஃப் அவன்தான். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட்.

இன்னும் ஒரு தலைமுறை பின்னே போனால், மேரி ஆனின் தந்தை வில்லியம் கிளாஸ்கொட் 1810இல் இந்தியா வந்த அதிகாரி என்று ஏடுகள் கூறுகின்றன. அவருடைய படைப்பிரிவும் தரமும் பதியப்பட்டுள்ளன. மனைவியின் பெயர் மட்டும் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. அவள் ஐரோப்பியப் பெண் அல்லள் என்பதே அதற்குக் காரணம் என்று மோர்கன் கருதுகிறார்.