மணற்பாறையும் வாரண்டி அட்டையும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி முதலில் தலைகாட்டியது ஒரு கிணற்றில்தான். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ மேலே வந்தது. 1956 நவம்பரில் சுரங்க நிறுவனம் பதிவானது, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது, 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது எல்லாம் பலரும் எழுதியதுதான். அதிகம் பேசப்படாதது எந்திரப் பற்களின் கதை. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த வாளிச்சக்கர எந்திரங்கள் ரைன் பகுதியின் மென்மையான மண்ணில் பேர் வாங்கியவை. இங்கே அவற்றின் எதிரில் நின்றது கடலூர் மணற்பாறை. கெட்டியானது மட்டுமல்ல, உப்புத்தாள்போல் இரும்பை உரசித் தின்கிற பாறை. வாளி விளிம்பின் எஃகுப் பற்கள் வேகமாகத் தேய்ந்தன. கடைசியில் துளை போட்டு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே சக்கரத்தை இறக்குவது என்று வேலைமுறையையே மாற்ற வேண்டியிருந்தது.

எந்திரம் மட்டமானது என்பதல்ல இதன் பொருள். ஒரு கருவிக்குத் தரப்படும் உத்தரவாதம் அதைச் சோதித்த மண்ணுக்கு எழுதப்பட்டது. நம் மண்ணில் அதைக் காப்பாற்றுவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாற்றுப் பல்லும் அதை மாட்டத் தெரிந்த ஃபிட்டரும்தான். நீரின் கதையும் அதுவே. நிலக்கரிப் படுகைக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் மேல்நோக்கி முட்டுகிறது. பம்புகள் இரவும் பகலும் ஓடாவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அந்த நேரத்தில் பம்பு செய்த கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் ஒரு சொட்டு நீரையும் இறைக்காது.

இன்று பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் வாங்குகிற மெக்கானிக்குக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆள் உயரத்தைத் தாண்டிய சக்கரத்தோடு கைக்கருவியை ஒப்பிடுவது முறையா என்று கேட்கலாம். இரண்டும் தேய்மானத்தால் சாகிறவை. ரெஞ்சின் உள்ளே ஒரு சுத்தியல் சுழன்று சுழன்று பட்டறைக்கல்லை அடிக்கிறது. அந்த அடிதான் துருப்பிடித்த நட்டை அசைக்கிறது, அந்த அடியேதான் உள்பாகங்களையும் தின்கிறது. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட டார்க் எண் பெரும்பாலும் கழற்றும்போது கிடைப்பது. முடுக்கும் டார்க் அதைவிடக் குறைவு. 18 வோல்ட், 20 வோல்ட் என்ற போட்டியும் வேடிக்கைதான். இரண்டிலும் ஐந்து செல் வரிசை; முழு சார்ஜில் அளந்தால் 20, வழக்கமான அளவில் 18.

நீண்ட வாரண்டி தருகிறவன் தன் சரக்கை நம்புகிறான் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அட்டையின் பொடி எழுத்தைப் படித்தால், பல பிராண்டுகள் தேய்கிற பாகங்களை விலக்கியிருக்கும், பேட்டரிக்குத் தனிக் கெடு வைத்திருக்கும். முதலில் மடிவதோ அநேகமாக பேட்டரிதான், அதுவும் நெய்வேலிக் கோடையில். வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரெஞ்சுக்கு இங்கே வாரண்டி செல்லாமலும் போகலாம். விலை குறைந்த பிராண்டாக இருந்தாலும், உதிரிபாகம் அதே வாரத்தில் கிடைக்கிறதென்றால் நான் அதற்கே ஓட்டுப் போடுவேன்.

அதற்காக அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவோரைப் பொதுவாக நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரை ஏற்கிறது. பஞ்சர் கடைக்காரரும் அதில் வருவார். எனவே பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டர் கடலூரில் இருக்கிறதா, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.