ஆனி-ஆனி: ஒரு கத்தியோடு போன சொத்து

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கத்தி. சின்ன மரத்துண்டொன்றில் பதித்த மெல்லிய இரும்பு அலகு, குறுக்கே ஒரு மூங்கில் பிடி, அவ்வளவுதான். ஜாவாவில் இதற்குப் பெயர் ஆனி-ஆனி. அறுவடை நாளில் பெண்கள் இதை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்குவார்கள். கதிர்களை ஒவ்வொன்றாக அறுப்பார்கள். நெல்லின் தெய்வம் தேவி ஸ்ரீ பெரிய அரிவாளைக் கண்டால் பயந்துவிடுவாள், அதனால் கத்தியைக் கைக்குள் மறைத்துத்தான் அறுக்க வேணும் எண்டது அங்கத்தைய நம்பிக்கை.

முதல்முறை வாசித்தபோது, இப்படி அறுத்தால் எப்ப முடியும் எண்டுதான் யோசித்தேன். அது மெதுவான வேலைதான். ஆனால் மெதுவான வேலைக்குக் கனபேர் வேணும். வந்த எல்லாருக்கும் பங்கு உண்டு. பணமாக இல்லை, அறுத்த நெல்லிலேயே. அந்தப் பங்குக்குப் பெயர் பாவோன். அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். நெருங்கிய சொந்தமும் பக்கத்து வீடும் என்றால் கூட, தூரத்து ஆள் என்றால் பத்தில் ஒன்று அல்லது அதிலும் குறைவு. சனம் நெருக்கமான ஊர்களில் ஒரு ஹெக்டேயர் வயலுக்கு நூற்றுக்கணக்கான பெண்கள் வந்து நிற்பார்களாம். வயல்காரர் வேண்டாம் எண்டு சொல்லேலாது. சொன்னால் அடுத்தநாள் ஊருக்குள் முகம் காட்டுறது கஷ்டம்.

காணி உறுதியில் பெயரே இல்லாத ஒரு பெண்ணுக்கு மற்றவரின் விளைச்சலில் பங்கு இருந்தது. இதைச் சொத்து என்று சொல்லலாமா? சொல்லத்தான் வேணும் எண்டு நினைக்கிறேன். ஆனால் அதற்கு முதல், ஜாவாக் கிராமத்தில் சொத்து என்றால் என்ன என்று பார்க்க வேணும்.

கிராமம் அங்கே தேசா. அதில் மூன்று வகை நிலம்: நீர் நிற்கும் வயல் சாவா, மானாவாரி மேட்டுநிலம் தெகாலான், வீட்டைச் சுற்றிய வளவு பெகாராங்கான். தென்னை, வாழை, பலா, மரவள்ளி எல்லாம் வளவுக்குள் நெருக்கமாக நிற்கும். வீடும் வளவும் ஒன்று எண்டு நாங்கள் நினைப்போம், அங்கே அப்படி இல்லை. பழைய ஜாவா வீடு மூங்கிலும் பலகையும். கழற்றலாம், விற்கலாம், வேறிடத்தில் பொருத்தலாம். அதனால் காணி ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் வீடு இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். மற்றவரின் வளவில் வீடு போட்டு இருப்பவர்களை நும்பாங் என்பார்கள். அதற்கு மேலே, வயலும் வளவும் உள்ள முழுக் குடியானவர்கள். கிழக்கு ஜாவாவில் இவர்களைக் கோகொல் என்பது வழக்கம். வயல் உரிமை இவர்களுக்குத்தான். ஊதியமில்லாத ஊழியமும் இவர்கள் தலையில்தான் (ராஜகாரியம் எண்டு பள்ளிக்கூடத்தில் படிச்சமே, அந்தமாதிரி). ஊர்த் தலைவருக்குச் சம்பளம் இல்லை, பதிலாக பெங்கொக் என்ற வயல். பதவி போனால் வயலும் போகும்.

குடும்பத்துக்குள் கணக்கு வேறு. பழைய வழக்கத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு கொடுக்கலாம். அல்லது இஸ்லாமிய முறையில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. இந்த இரண்டாவதை செப்பிக்குல் செகெண்டோங் என்கிறார்கள்: ஆண் காவுதடியின் இரண்டு பக்கமும் சுமப்பான், பெண் முதுகில் ஒரு சுமை சுமப்பாள். கலியாணத்துக்கு அவரவர் கொண்டுவந்தது அவரவருடையது. சேர்ந்து தேடியது கோனோ-கினி, பிரிந்தால் அதை இருவரும் பங்கிட வேணும். தேசவழமையின் முதுசம், சீதனம், தேடியதேட்டம் உங்களுக்கு ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்த ஒல்லாந்தக் கொம்பனியின் ஆசியத் தலைமையகம் ஜாவாவின் பத்தாவியாவில்தான், இன்றைய ஜகார்த்தாவில், இருந்தது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது எண்டு சொல்லவில்லை. ஒரே கொம்பனியின் ஆட்சிக்குக் கீழே இரண்டு ஊரும் இருந்தன, அவ்வளவுதான்.

பிறகு வந்த ஒல்லாந்த அரசு நிலத்தையே மாற்றியது. 1830இல் ஆளுநர் நாயகம் வான் டென் பொஸ், கிராமங்கள் தங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை கரும்பு, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிர்களுக்கு ஒதுக்க வேணும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். கோப்பியும் கட்டாயம். ஐந்தில் ஒன்று என்பது காகிதத்தில், பல இடங்களில் அதற்கு மேலே போனது. இங்கேதான் ஒரு விசித்திரம். வயல் உள்ளவருக்குத்தான் ஊழியம் என்பதால், சுமையைப் பிரிக்க வேணுமென்றால் வயலையும் பிரிக்க வேணும். அதனால் பல கிராமங்களில் வயல் ஊருக்குப் பொதுவானது, அவ்வப்போது மாற்றிப் பங்கிடப்பட்டது. பின்னாளில் சிலர் இதை ஆதிகாலப் பொதுவுடைமை என்று கொண்டாடினார்கள். பாதிக்கு மேல் அது வரிச்சுமையின் விளைவு.

1930 கணக்கெடுப்பில் ஜாவாவின் சனத்தொகை 4 கோடியைத் தாண்டியிருந்தது. துண்டாகிப்போன வயல்களில் இத்தனை பேர் எப்படிச் சீவித்தார்கள்? கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1963இல் எழுதிய புத்தகத்தில் ‘பகிர்ந்த வறுமை’ என்று பதில் சொன்னார். கேட்க அழகான சொல். ஆனால் வறுமையை எல்லாரும் சமமாகப் பகிரவில்லை. கோகொலும் நும்பாங்கும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிட்டவை இல்லை. பாவோனும் தர்மம் இல்லை, ஏழைகள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த உரிமை.

1960இல் சுதந்திர இந்தோனேசியா காணிச் சட்டம் போட்டது. உச்சவரம்பு வந்தது, குத்தகைப் பங்குக்கு விதி வந்தது. நடைமுறை நகரவில்லை. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாயிகள் சங்கம் கிளாத்தென் போன்ற இடங்களில் தானே காணியில் இறங்கியது. அடுத்த வருடக் கடைசியில் படுகொலைகள் தொடங்கின. 5 லட்சம் பேர் அல்லது அதற்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. கொல்லப்பட்டவர்களில் பெரும்பகுதி மத்திய, கிழக்கு ஜாவாவின் கிராமத்துச் சனமும் பாலித் தீவினரும். அதற்குப்பிறகு ஊருக்குள் ‘என்ர பங்கு எங்கே’ எண்டு சத்தமாகக் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

அந்த மௌனத்துக்குள்தான் புது நெல் வந்தது. ஐ.ஆர். 8இன் தாய்தகப்பனில் ஒன்று பெட்டா என்ற இந்தோனேசிய நெல், அதனால் அங்கே அதற்குப் புதிய பெட்டா என்றே பெயர் வைத்தார்கள். குட்டையான பயிர், ஒரேயடியாக முற்றும், மணி இலகுவில் உதிரும். ஆனி-ஆனிக்கு ஒத்துவராது, அரிவாளுக்கு ஒத்துவரும். அதோடு தெபாசான் முறையும் பரவியது. அறுவடைக்குச் சில நாளுக்கு முதல் வயல்காரர் நிற்கும் பயிரை அப்படியே வியாபாரிக்கு விற்றுவிடுவார். வியாபாரி தன் சின்னக் குழுவோடு, அரிவாளோடும் தராசோடும் வருவான். அவன் வெளியூர்க்காரன், ஊர்ப்பெண்களுக்குக் கடமைப்பட்டவன் இல்லை. வயல்காரருக்கும் நிம்மதி: ‘நான் மறுக்கேல்லை, வித்துப்போட்டன்.’ வேறு ஊர்களில் நாற்று நட்டு, களை பிடுங்கிச் சம்பளமில்லாமல் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் அறுவடையில் இடம் எண்டு வந்தது. முந்தி உரிமையாக இருந்ததை இப்ப உழைத்து வாங்க வேண்டியதாகிவிட்டது. அதே 1970களின் தொடக்கத்தில் சின்ன அரிசி ஆலைகளும் வந்தன. உரலில் நெல் குத்திப் பெண்கள் உழைத்தது சில வருடத்துக்குள் இல்லாமல் போனது.

இவை எதற்கும் ஒரு சட்டம் போடவில்லை. எந்தக் காணிக் கந்தோரிலும் ஒரு பெயரும் வெட்டப்படவில்லை.

அந்த வருடங்களில் ஆன் ஸ்டோலர் யோக்யகர்த்தாப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். காலி லோரோ என்பது அவர் வைத்த புனைபெயர். காணியில்லாத வீடுகளில் பெண்கள் அறுவடையாலும் சின்ன வியாபாரத்தாலும் கொண்டுவந்தது எவ்வளவு முக்கியம், அதனால் வீட்டுக்குள் அவர்களின் சொல் எப்படி எடுபட்டது என்று எழுதினார். பாவோன் குறைந்தபோது வீட்டில் குறைந்தது நெல்லு மட்டும் இல்லை எண்டது அதை வாசித்தால் விளங்கும்.

1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அது பொய் இல்லை, விளைச்சல் உண்மையாகவே கூடியது. அறுவடைக் குழு வயலை விட்டு ஏறியதும், பின்னால் சில பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். உதிர்ந்த கதிரையும் தப்பிய தாளையும் பொறுக்குவார்கள். அதற்கு ஜாவாமொழியில் ஙாசாக் என்று பெயர். அதற்கு யாரும் பங்கு கேட்பதில்லை.