ஆநிரைக் களவும் அரசின் தண்டனையும்

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. இலத்தீன் மொழியிலும் கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பணத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உண்மையைச் சொல்கின்றன. உழுது வாழும் குடிக்குக் கால்நடையே கைப்பொருள். உழவு மாடுகள் இரண்டில் ஒன்று களவு போனால் மற்றொன்றும் பயன்படாது, ஏர் நின்றுவிடும், ஓராண்டு விளைச்சலே பாழாகும். ஆதலால், பிறர் நிலத்தில் புகுந்து கால்நடையைக் கவர்ந்து செல்பவனை என்ன செய்வது என்னும் கேள்வி உலகெங்கும் அரசுகளை நெடுங்காலம் வருத்தி வந்திருக்கிறது.

நான் வரலாற்றுப் பாடம் நடத்திய ஆண்டுகளில் இக்கேள்வியை மாணவர்களிடம் பன்முறை கேட்டதுண்டு. “கடுமையான தண்டனை கொடுக்க வேண்டும், ஐயா” என்பதே பெரும்பாலும் முதலில் வரும் விடை. தண்டனை கடுமையாகக் கடுமையாகக் களவு குறையும் என்பது இயல்பாக எழும் எண்ணமே. ஆனால் அவ்வெண்ணத்தைச் சட்டமாகவே இயற்றி, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நடத்திப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அந்நாடு கண்ட முடிவு என்ன, அது நம் நாட்டுச் சட்டத்தை எவ்வாறு தொட்டது என்பதை இன்று காண்போம்.

முதலில் நம் பழந்தமிழகத்தை ஒருமுறை நோக்குவோம். பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருதலை வெட்சி என்று தொல்காப்பியம் போர்முறைகளுள் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. ஆநிரையை மீட்கும்போது உயிர் நீத்த வீரருக்கு ஊரார் நடுகல் எடுத்தனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட பழமையான நடுகற்களுள் ஒன்று, தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘ஆகோள்’ என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. ஆகோள் என்பது ஆக்களைக் கவர்தல். இதைப் படித்துவிட்டு, பண்டைத் தமிழர் மாட்டுத் திருட்டைப் போற்றினர் என்று எண்ணிவிடலாகாது. வெட்சி என்பது பகைநாட்டின்மேல் செல்லும் போர். தன் ஊரான் தொழுவத்தில் இரவில் நுழைந்து தும்பை அறுப்பது களவு. முன்னதற்கு விடை படை. பின்னதற்கு விடை சட்டம். நம் பேச்சு பின்னதைப் பற்றியதே.

இனி நான் குறிப்பிட்ட நாட்டுக்குச் செல்வோம். அது இங்கிலாந்து. நம் குற்றச் சட்டத்தின் வேர்களுட் பல அங்கிருந்து வந்தமையால் அதனை அறிவது நமக்கு இன்றியமையாதது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்கள். தங்கள் நிலத்தையும் மந்தையையும் காக்கச் சட்டத்தையே வேலியாக அவர்கள் எழுப்பினர். 1723இல் கருப்புச் சட்டம் எனப்படும் சட்டம் வந்தது. முகத்தில் கரி பூசியோ மாறுவேடம் பூண்டோ, ஆயுதத்துடன் மான் வளர்க்கும் காட்டிலும் தோட்டத்திலும் திரிந்தாலே தூக்கு. பகைமையால் பிறர் கால்நடையைக் கொன்றாலும் ஊனப்படுத்தினாலும் தூக்கு. குதிரைத் திருட்டுக்கு முன்னரே தூக்கு இருந்தது. 1741இல் ஆட்டுத் திருட்டும் உயிர்த்தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

அந்த 1741ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. ‘ஆடு அல்லது வேறு கால்நடை’ என்று அதில் எழுதியிருந்தனர். வேறு கால்நடை என்றால் எது? பசுவா, எருதா, கன்றா, பன்றியா? ஒரு மனிதனின் உயிரைப் பறிக்கும் சட்டத்தில் இத்தனை தளர்ந்த சொல் இருத்தல் ஆகாது என்று கருதப்பட்டது. அச்சட்டம் ஆட்டுக்கு மட்டுமே செல்லும் என்று பொருள் கொள்ளப்பட்டது. ஆகவே அடுத்த ஆண்டே, 1742இல், காளை, பசு, எருது, கடாரி, கன்று, ஆட்டுக்குட்டி என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேறொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பிளாக்ஸ்டன் என்னும் சட்ட அறிஞர் 1765 முதல் வெளியிட்ட தம் பெருநூலில் இதனை எடுத்துக் காட்டியுள்ளார். தண்டிக்கும் சட்டத்தைக் குறுக்கியே பொருள் கொள்ள வேண்டும் என்னும் நெறிக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

சட்டம் முழுமை பெற்றது. களவு நின்றதா? நிற்கவில்லை. ஏன் என்பதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும்.

அக்காலத்து இங்கிலாந்தில் திருடனைப் பிடித்து வழக்கு நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் பொருளை இழந்தவனுடையதே. ஓர் ஆட்டுக்காக ஒரு மனிதனைத் தூக்கு மரத்துக்கு அனுப்ப மனம் வராமல் வழக்கே தொடுக்காது விட்டவர் பலர். வழக்கு வந்தாலோ, ஊர் மக்களிலிருந்து பன்னிரண்டு பேராக அமர்ந்த ஜூரிகள் தயங்கினர். வீட்டில் நாற்பது ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்பது அந்நாட்டின் மற்றொரு சட்டம். கண்ணெதிரே இருந்த விலையுயர்ந்த பொருளையும் முப்பத்தொன்பது ஷில்லிங் என்று மதிப்பிட்டு உயிரைக் காத்த ஜூரிகள் உண்டு. சத்தியம் செய்து அமர்ந்தவர்களே இரக்கத்தால் பொய் உரைக்கும்படி சட்டம் செய்துவிட்டது. அவர்களையும் தாண்டித் தண்டனை விதிக்கப்பட்டால், நீதிபதியின் பரிந்துரையால் மன்னரின் மன்னிப்புக் கிட்டுவதுண்டு. அப்போது தூக்குக்குப் பதில் நாடு கடத்தல். முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும், 1788 முதல் ஆஸ்திரேலியாவுக்கும் கைதிகள் கப்பலேற்றப்பட்டனர். ஆடு மாடு திருடியவர்கள் அவர்களுள் ஏராளம்.

ஆக, பிடிபட்ட திருடன் ஒருவன் தூக்கிலிடப்படலாம். கடல் கடந்து அனுப்பப்படலாம். ஒன்றுமின்றி வீடு திரும்பவும் செய்யலாம். தண்டனை ஒரு சூதாட்டம் போல் ஆயிற்று. சூதாட்டத்துக்கு அஞ்சுபவன் திருட வருவானா? மேலும், ஆட்டுக்குட்டியைத் திருடினாலும் தூக்கு, பெரிய ஆட்டைத் திருடினாலும் தூக்கு என்றால், தூக்குக்குத் துணிந்தவன் பெரிய ஆட்டையே பிடிப்பான். இக்கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு பழமொழியே உண்டு. அளவில்லாத தண்டனை, குற்றத்தில் அளவோடு நிற்க வேண்டிய காரணத்தையும் திருடனிடமிருந்து அகற்றிவிடுகிறது.

இத்தாலியின் மிலான் நகரத்து அறிஞர் பெக்காரியா 1764இல் குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தண்டனையின் கடுமையினும் அதன் தவறாமையே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் சாமுவேல் ரோமிலி என்னும் வழக்கறிஞர் இக்கொள்கையை ஏந்தி 1808 முதல் நாடாளுமன்றத்தில் போராடினார். சட்டைப் பையில் திருடுவோருக்கிருந்த தூக்கை அவ்வாண்டே நீக்கினார். பிற திருத்தங்கள் பல மேலவையில் தோற்றன; 1818இல் அவர் மறைந்தார். 1829இல் இலண்டன் மாநகரில் ஒழுங்கான போலீஸ் படை அமைக்கப்பட்டது. திருடனைத் தேடிப் பிடிக்க ஆளில்லாத குறையைத் தூக்குக் கயிற்றால் நிரப்ப முயன்ற காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. 1832இல் வில்லியம் யூவர்ட் கொண்டுவந்த சட்டத்தால் குதிரை, ஆடு, மாடு திருடியதற்குரிய தூக்குத் தண்டனை ஒழிந்தது.

இந்தப் படிப்பினை பசுமையாக இருந்த காலத்திலேதான் நம் நாட்டுக்கான தண்டனைச் சட்டம் வரையப்பட்டது. மெக்காலேயின் தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் 1837இல் வரைவை முடித்தது. 1860இல் அது சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அது விதித்தது. உயிர்த்தண்டனை என்னும் பேச்சே அங்கு இல்லை. குற்றத்தின் இலக்கணமோ மிகத் தெளிவு. விலங்கை ஓட்டிச் செல்வதும் அதனை ‘நகர்த்துதல்’ ஆகும் என்று விளக்கம் தந்தது. புதையற் பெட்டியைச் சுமந்து வரும் எருதைத் திருடும் எண்ணத்தோடு ஒருவன் ஓட்டினால், அது அடியெடுத்து வைத்த கணமே புதையலைத் திருடிய குற்றம் நிறைவேறியது என்பது அச்சட்டம் காட்டும் உதாரணங்களுள் ஒன்று.

அத்துமீறி நுழைதலுக்கும் அவ்வாறே அளவு குறித்தனர். குறுக்கு வழியென்று பிறர் வயல் வரப்பில் நடந்தவனெல்லாம் குற்றவாளியல்லன். குற்றம் செய்யவோ, உரிமையாளரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைந்தால்தான் குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காலடி பட்ட இடத்தை மட்டும் நோக்காமல் உள்ளத்தின் நோக்கத்தையும் ஆராய்ந்தது இச்சட்டம்.

ஏட்டில் சட்டம் செம்மையாயிற்று; நாட்டில்? தென்பாண்டிப் பகுதிகளில் ‘துப்புக்கூலி’ என்றொரு வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மாட்டை இழந்தவன் போலீசுக்குப் போகாமல் இடையாள் ஒருவனைத் தேடிப் போவான். மாட்டின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தால், அது இன்ன இடத்தில் கட்டிக் கிடக்கிறது என்று துப்புக் கிடைக்கும். தண்டனைச் சட்டத்தின் 215ஆம் பிரிவு இவ்வழக்கத்தையும் விடவில்லை. திருடனைப் பிடித்துக் கொடுக்க இயன்ற முயற்சியெல்லாம் செய்யாமல், பொருளை மீட்டுத் தருவதாகக் கூலி வாங்குபவனுக்கு ஈராண்டு வரை சிறை என்றது. ஆயினும் வழக்கம் எளிதில் ஒழியவில்லை. உழவனுக்கு உழவுக் காலத்துக்குள் மாடு வேண்டும். கச்சேரிக்கு நடந்து சாட்சி சொல்லித் தீர்ப்புப் பெறுவதற்குள் மழைக்காலம் போய்விடும். விரைந்து வாராத நீதி, மக்களைக் கள்வரோடு பேரம் பேசத் தூண்டும்.

இங்கே ஆட்சியாளர் மற்றொரு பெரும் பிழை செய்தனர். 1871ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று கால்நடை அத்துமீறல் சட்டம். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தவன் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், ‘பவுண்டு’ என்று ஊரார் அழைத்த பட்டியில் சேர்க்க வேண்டும். உடையவன் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்டுக்கொள்ளலாம். மற்றொன்று குற்றப் பரம்பரைச் சட்டம். முதலில் வட இந்தியாவில் நடந்த அது, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். குறித்த சமூகங்களில் பிறந்தவர்கள், திருடினாலும் திருடாவிட்டாலும், பெயரைப் பதிந்து கைரேகை வைத்து, அதிகாரிகள் முன் ஆஜராக வேண்டியவராயினர்.

இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பயிரில் வாய் வைத்த பிறகே மாடு பிடிக்கப்பட்டது. மேயாத மாட்டைப் பட்டியில் அடைக்கச் சட்டம் இடந்தரவில்லை. மனிதனோ, பிறந்த குலத்துக்காகவே பதிவேட்டில் அடைக்கப்பட்டான். வாயில்லா விலங்குக்குக் காட்டிய நியாயம் வாயுள்ள மனிதனுக்குக் காட்டப்படவில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதிலும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. ஒழித்ததால் களவு பெருகி நாடு கெட்டுவிடவில்லை என்பதை வரலாறு அறியும்.

விடுதலைக்குப் பின் நம் சட்டம் திருத்தும் நெறியில் மேலும் நடந்தது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம், முதன்முறை திருடியவனைச் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தை உறுதி பெற்றோ விடுவிக்க நீதிபதிக்கு உரிமை தந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்துள்ளது. திருட்டுக்கு மூன்றாண்டு என்னும் மேல்வரம்பு அவ்வாறே நிற்கிறது. இரண்டாம் முறை தண்டனை பெறுபவனுக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவல். 5000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன் அதனைத் திருப்பித் தந்தால் சமூகப் பணியே தண்டனை.

மாணவர்களே, களவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கூறவில்லை. மாட்டை இழந்த குடும்பத்தின் கண்ணீர் உண்மையானது. அதனைத் துடைப்பது அரசின் கடமை. அக்கடமையை நிறைவேற்றும் வழி எது என்பதுதான் கேள்வி. தண்டனை குற்றத்தின் அளவை மிஞ்சியபோது சாட்சியும் ஜூரியும் பின்வாங்கினர். நீதி காலம் தாழ்ந்தபோது துப்புக்கூலி தழைத்தது. செய்கையை விட்டுப் பிறப்பைத் தண்டித்தபோது சட்டமே குற்றமாயிற்று. உங்களுள் சிலர் நாளை நீதிபதியாவீர்கள். சிலர் காவல் அதிகாரியாவீர்கள். பலர் வாக்களித்துச் சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுப்பீர்கள். “தூக்கில் போடு” என்னும் குரல் எழும்போதெல்லாம், “செய்தவன் இவன்தானா? செய்ததற்கு இது தகுமா? தவறாமல், தாமதமின்றி இது நடக்குமா?” என்று மூன்று கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும். மூன்றுக்கும் விடை சொல்ல வல்ல சட்டமே உழவனின் தொழுவத்தையும் காக்கும். ஏழையின் உயிரையும் மானத்தையும் காக்கும்.