டெய்சிக்கு முன்னால் ஒரு குழந்தை

அகதா கிறிஸ்டியின் 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலை' நாவலை ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் படித்தேன். அதில் கடத்திக் கொல்லப்படும் சிறுமி டெய்சி, ஓர் உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்தவள்.

1927இல் தனியொருவராக விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த அமெரிக்கர் சார்லஸ் லிண்ட்பெர்க். 1932 மார்ச் 1 இரவு, நியூஜெர்சியில் அவர் வீட்டுத் தொட்டிலிலிருந்து 20 மாத மகன் காணாமல் போனான். அறையில் பணம் கேட்டு ஒரு கடிதம்; வெளியே உடைந்த ஏணி. 50,000 டாலர் கொடுத்தும் பிள்ளை திரும்பவில்லை. மே 12 அன்று சில மைல் தொலைவில் உடல்தான் கிடைத்தது.

சந்தேகம் வேலைக்காரர்கள் மீது பாய்ந்தது. திரும்பத் திரும்ப விசாரிக்கப்பட்ட, பாட்டி வீட்டுப் பணிப்பெண் ஒருவர் ஜூனில் விஷம் குடித்து இறந்தார். அவருக்கும் கடத்தலுக்கும் தொடர்பில்லை என்பது பிறகே தெரிந்தது.

நாவல் வெளிவந்தது 1934 ஜனவரியில். ஹாப்ட்மன் என்பவர் கைதானதோ அந்தச் செப்டம்பரில்தான். 1936இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

கிறிஸ்டியின் கதையிலும் வீண்பழியால் உயிர்விடும் பணிப்பெண் உண்டு. குற்றவாளியைத் தேடும் அவசரத்தில் நாம் மிதித்துவிட்டுப் போகும் அப்பாவியை அவர் மறக்கவில்லை. படிக்காதவர்கள் அவசியம் படியுங்கள். முடிவை நான் சொல்லப்போவதில்லை!