‘கருப்பின அதிகாரம்’: 1966-இல் பெர்க்லி வளாகத்தில் ஸ்டோக்லி கார்மைக்கேல் ஆற்றிய உரை

அமெரிக்கக் கருப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல், 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆற்றிய உரை, இன அநீதி குறித்த விவாதத்தின் திசையை மாற்றிய உரைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

டிரினிடாடில் 1941-இல் பிறந்த அவர், 11 வயதில் நியூயார்க்கில் குடியேறினார். ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, பேருந்துகளில் நிறவேற்றுமையை எதிர்த்த 1961-ஆம் ஆண்டு ‘சுதந்திரப் பயணத்தில்’ பங்கேற்று மிசிசிப்பி சிறையில் அடைக்கப்பட்டார். 1966 மே மாதம் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவரானார். அடுத்த மாதமே மிசிசிப்பியின் கிரீன்வுட் நகரில் அவர் எழுப்பிய ‘கருப்பின அதிகாரம்’ என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது.

பெர்க்லியின் திறந்தவெளி அரங்கில் திரண்டிருந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையின மாணவர்கள். சம உரிமைச் சட்டங்கள் கருப்பினத்தவருக்காக இயற்றப்பட்டவை அல்ல என்று அவர்களிடம் கார்மைக்கேல் வாதிட்டார். தமக்கு வாக்குரிமை உண்டு என்பது கருப்பினத்தவருக்கு முன்பே தெரியும். அதைத் தடுப்பவர்களுக்கு உணர்த்தவே சட்டம் தேவைப்பட்டது என்பது அவரது வாதம்.

உதவ விரும்பும் வெள்ளையினத்தவர், கருப்பினத்தவரின் குடியிருப்புகளுக்கு வருவதைவிட, இனவெறி நிலவும் தங்கள் சொந்தச் சமூகத்தில் பணியாற்ற வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். வியட்நாம் போரையும் அதற்கான கட்டாய ஆள்சேர்ப்பையும் கண்டித்தார்.

அரசியல் அறிஞர் சார்லஸ் ஹாமில்டனுடன் இணைந்து 1967-இல் வெளியிட்ட ‘கருப்பின அதிகாரம்’ நூலில் இச்சிந்தனை மேலும் விரிவடைந்தது. பர்மிங்ஹாமில் 1963-இல் தேவாலயத்தில் குண்டுவைத்து 4 சிறுமியரைக் கொன்றது தனிமனிதர்களின் இனவெறி. அதே நகரில் உணவும் உறைவிடமும் மருத்துவமும் இன்றிக் கருப்பினக் குழந்தைகள் இறப்பது நிறுவனமயமான இனவெறி என்று அந்நூல் வேறுபடுத்தியது. முதலாவதைச் சமூகம் கண்டிக்கிறது. இரண்டாவதைக் கண்டுகொள்வதில்லை என்றும் சுட்டிக்காட்டியது.

கார்மைக்கேல் 1969-இல் ஆப்பிரிக்க நாடான கினியில் குடியேறினார். பின்னர் குவாமே துரே எனப் பெயர் மாற்றிக்கொண்ட அவர், 1998 நவம்பர் 15 அன்று அந்நாட்டுத் தலைநகர் கொனாக்ரியில் புற்றுநோயால் காலமானார். அவர் பரவலாக்கிய ‘நிறுவனமயமான இனவெறி’ என்ற சொல், காவல்துறை, கல்வி, மருத்துவம் ஆகிய துறைகளின் பாகுபாடுகளைக் குறிக்க இன்றும் பயன்படுகிறது.